சேமித்தவன் செய்த குற்றம் யாது?

கடன் பட்டவர் ஒருவர். கடன் இறுப்பவர் வேறொருவர். இப்படியொரு வழக்கு எமது கிராமமொன்றில் அந்நாளைய விதானையார் முன்னிலைக்கு வந்திருக்குமாயின், அவர் வழக்கைக் கொணர்ந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால், பாராளுமன்றம் என்னும் மாமன்றத்திலே, சட்டம் பயின்றோரும் பொருளியல் கற்றோரும் கூடியிருந்து இதனையே நியாயமென்று 122 வாக்குகளால் நிறைவேற்றினர். எதிர்த்தோர் 62 பேர். அது நிகழ்ந்தது 2023ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி, சனிக்கிழமை. அதனை அடுத்து முன்னும் பின்னுமாக 5 நாட்கள் இந்நாட்டின் வங்கிக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. உள்நாட்டுக் கடனை 'உகந்ததாக்குதல்' என்று அச்செயலுக்கு அதிகாரிகள் ஓர் அழகிய பெயரையும் சூட்டினர். யாருக்கு உகந்தது என்ற வினாவுக்கு மட்டும் இன்றுவரை நேரான விடை கிடைத்திலது.

நடந்து முடிந்ததை இப்பொழுது ஏன் கிளறுகின்றீர் என்று கேட்பார் இருக்கலாம். நடந்தது முடியவில்லை, அதனாற்றான் எழுதுகின்றோம். அந்தச் சனிக்கிழமையில் ஒப்புதல் பெற்ற திட்டப்படி மாற்றப்பட்ட முறிகள் 2038ஆம் ஆண்டுவரை நீள்கின்றன. அன்று இருபத்தைந்து வயதில் தையற் சாலையொன்றிலே வேலைக்குச் சேர்ந்த பெண் நாற்பது வயதை அடையும்வரை அதன் சுமை அவள் தலைமேல் இருக்கும்.

நிகழ்ந்தவற்றை நிரலாக நோக்குவோம். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இறுப்பதை நிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் உலகறிய அறிவித்தது. சுதந்திரம் பெற்ற நாள் முதலாக இந்நாடு அடையாத இழிநிலை அது. அந்நிலைக்கு வித்திட்டவர் யார்? 2019ஆம் ஆண்டின் இறுதியிலே, தேர்தலில் வென்ற களிப்பில், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, திறைசேரியின் வருவாயைத் தம் கையாலேயே வெட்டியவர்கள். வருவாய் குறைந்தபோது மத்திய வங்கியின் அச்சு இயந்திரத்தை நாடியவர்கள். 2021இல் இரசாயன உரத்தை ஓரிரவில் தடைசெய்து வயலையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒருங்கே வாட்டியவர்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத வேளையில், 2022 சனவரியில், வெளிநாட்டு முறிகாரர்க்கு 50 கோடி டொலரை ஒரே நாளிற் கொடுத்து மார்தட்டியவர்கள்.

இது எமது குற்றச்சாட்டு அன்று. உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆந் திகதி, நீதியரசர் நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பினால், முன்னாட் சனாதிபதிகளான மகிந்த ராசபக்சவும் கோத்தபாய ராசபக்சவும், முன்னாள் நிதி மந்திரி பசில் ராசபக்சவும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும், திறைசேரியின் உயர் அதிகாரிகளும் பொதுமக்கள் தம்பால் வைத்த நம்பிக்கைக்கு மாறாக நடந்தனர் என்று கூறிவிட்டது. வழக்கைத் தொடுத்தவர்கள் கட்சித் தலைவர்கள் அல்லர். பொதுவாழ்வில் அக்கறை கொண்ட குடிமக்கள். அவர்களுள் ஒருவர் ஒலிம்பிக் போட்டிகளில் இந்நாட்டுக்காக நீந்தியவர். தமக்கு நட்டஈடு வேண்டுமென்று அவர்கள் கேட்டாரல்லர். வழக்குச் செலவாக ஒரு சிறு தொகை கிடைத்தது. தண்டனை? அதைப்பற்றிப் பேச்சில்லை. குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது, குற்றத்தின் விலை மட்டும் வேறிடத்திலே வசூலிக்கப்பட்டது.

அந்த வசூலின் முதற் பகுதி கடைத்தெருவிலே நடைபெற்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி 2022 செப்டெம்பரில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களோ ஏறத்தாழ இரட்டித்திருந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. கொழும்பிலே மண்ணெண்ணெயை மறந்துவிட்டோர்க்கு இது ஒரு சிறு செய்தி. மயிலிட்டியிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டிக் கடலுக்குச் செல்லும் தொழிலாளிக்கோ, அது வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைக்கும் உத்தரவுக்கு ஒப்பானது. பெறுமதி சேர் வரி 8லிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரி முதலாந் திகதி 18 ஆயிற்று. செல்வந்தர்க்குக் குறைத்துக் கொடுத்த வரியை ஏழை வாங்கும் சவர்க்காரக் கட்டியிலிருந்து மீட்டார்கள் என்று நாம் கூறினால் அதில் மிகையேதும் உண்டோ?

இத்துன்பத்துக்குச் சாதாரண குடிமகன் அளித்த பதில் என்ன? காலிமுகத் திடலிற் கூடியோரையும், 2022 யூலை 9ஆந் திகதி சனாதிபதி மாளிகைக்குட் புகுந்த மக்கள் வெள்ளத்தையும், அடுத்த சில நாட்களில் நாட்டைவிட்டு ஓடிய சனாதிபதியையும் உலகம் படமாகக் கண்டது. உலகம் காணாத பதில் ஒன்றும் உண்டு. அது அடகுக் கடையின் முன்னாலே தாலிக்கொடியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றது. மூன்று வேளைச் சோற்றை இரண்டாக்கியது. அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து விமானம் ஏறினர். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எம்மவர்க்கு வரிசையும் தட்டுப்பாடும் புதியன அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்திலே ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரியிட்டு, அந்த வெளிச்சத்திற் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாம். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். கொழும்பு நகரத்தார் இருளில் இருந்து புழுங்கியபோது, பழிக்குப் பழி என்று எவரும் மகிழ்ந்ததாக நாம் அறியோம். ஆயினும், அந்நாளில் எமது இருளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர் என்ற கேள்வி எம்மவர் மனத்தில் எழுந்திருந்தால் அதைக் குறை கூறவும் மாட்டோம்.

வசூலின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். 2023 மார்ச் 20ஆந் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டுக் கடன்காரர் தம் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டுமாயின், உள்நாட்டிலும் எவரேனும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நியதி எழுந்தது. அரசாங்கத்துக்கு உள்நாட்டிற் கடன் கொடுத்தோர் பலர். வங்கிகள் உண்டு, காப்புறுதிக் கம்பனிகள் உண்டு, வட்டி 30 சதவீதத்தைக் கடந்திருந்த வேளையிலே திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்த பணக்காரர் உண்டு, ஊழியர் சேமலாப நிதி உண்டு. வாளை உயர்த்திய அரசாங்கம் இவர்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தது. வங்கிகளைத் தொடவில்லை. காப்புறுதிக் கம்பனிகளைத் தொடவில்லை. உண்டியல் வாங்கிய தனியாரைத் தொடவில்லை. மத்திய வங்கி தன்னிடமிருந்த உண்டியல்களை மாற்றிக்கொண்டது. அது அரசாங்கத்தின் ஒரு பையிலிருந்து மற்றப் பைக்கு மாற்றுவதை ஒத்தது. மெய்யாகவே பிறர் பணத்தின்மீது வாள் இறங்கிய இடம் சேமலாப நிதியும் அதனை ஒத்த ஓய்வுகால நிதிகளுமே.

வங்கிகளை ஏன் விட்டுவைத்தனர்? அவை ஏற்கனவே தம் இலாபத்தில் பாதிக்கு மேல் வரியாகக் கொடுக்கின்றன, வெளிநாட்டு முறிகளால் நட்டமடையப் போகின்றன, அறவிட முடியாக் கடன்களால் மெலிந்துள்ளன, அவை சரிந்தால் வைப்பாளர் அழிவர் என்று காரணம் கூறினர். இக்காரணத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. 2008 டிசெம்பரில் ஒரு கடனட்டைக் கம்பனி சரிந்ததைத் தொடர்ந்து செலான் வங்கியின் வாயிலில் மக்கள் முண்டியடித்ததையும், மத்திய வங்கி தலையிட்டு இலங்கை வங்கியின் பொறுப்பில் அதனை ஒப்படைத்ததையும் நாம் மறக்கவில்லை. வங்கி விழுந்தால் முதலில் நசிபடுபவன் சிறு வைப்பாளனே. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவுடன் நின்றுவிடுகிறது. ஆதலால் வங்கியைத் தாங்கிப் பிடிப்பது தவறு என்பது எமது கட்சியன்று.

எமது வினா வேறு. வங்கிக்கு ஒரு நியாயமும் தொழிலாளியின் சேமிப்புக்கு வேறொரு நியாயமும் எவ்வாறு வந்தன? 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்தவென 45,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. எரிபொருட் கூட்டுத்தாபனம் அரச வங்கிகளுக்கு இறுக்கவேண்டிய பெருங் கடனைத் திறைசேரியே தன் தோளில் ஏற்றுக்கொண்டது. மெலிந்த வங்கிக்குப் பால் வார்க்கும் திறைசேரி, மெலிந்த தொழிலாளியின் கிண்ணத்திலிருந்தே அந்தப் பாலைக் கறந்ததென்றால் யார்தாம் பொறுப்பர்?

சேமலாப நிதி என்பது யாது என்று இளைஞர் சிலர்க்குத் தெரியாதிருக்கலாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அது பிறந்தது. தொழிலாளி தன் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளி 12 சதவீதமும் மாதந்தோறும் செலுத்த, முதுமையில் அது மொத்தமாகக் கைக்கு வரும். அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சன் உண்டு. கடைச் சிப்பந்திக்கும், தையற் சாலைப் பெண்ணுக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் பென்சன் இல்லை. இந்த நிதி ஒன்றே உண்டு. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட உழைப்பாளர் வியர்வையால் நிறைந்த அந்நிதி, இன்று 3 இலட்சம் கோடி ரூபாவைக் கடந்து நிற்கிறது. அதன் பெரும்பங்கு அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்பட்டுள்ளது. நாட்டின் மிக ஏழைகள் சேர்ந்து நாட்டின் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்! அவர்களுள் பலர்க்குத் தாம் கடன் கொடுத்தவர் என்பதே தெரியாது.

இந்நிதியின்மீது வெட்டு இரண்டு முறை விழுந்தது. 2021 இறுதியில் ஒரு தொழிலாளியின் கணக்கில் 10 இலட்சம் ரூபா இருந்ததென வைத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக்கு நிதி வழங்கிய வட்டி 9 சதவீதம். தொகை 10 இலட்சத்து 90 ஆயிரமாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் 57 சதவீதம் உயர்ந்திருந்தது. பழைய 10 இலட்சம் வாங்கிய பொருளை வாங்க இப்பொழுது 15 இலட்சத்து 70 ஆயிரம் வேண்டும். அதாவது, தொழிலாளியின் 10 இலட்சம் ஒரே ஆண்டில் 7 இலட்சத்துக்கும் குறைந்த பெறுமதியாகத் தேய்ந்தது. ஒரு திருடன் வந்து 3 இலட்சத்தை எடுத்துச் சென்றிருந்தால் பொலிசில் முறையிடலாம். விலைவாசியைப் பற்றி எந்தப் பொலிசில் முறையிடுவது?

இழந்ததை மீட்க ஒரு வழி இருந்தது. வட்டி உயர்ந்திருந்த அக்காலத்தில் வெளியார் 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து ஈட்டியதைப்போல, நிதியும் ஈட்டித் தன் காயத்தை ஆற்றியிருக்கலாம். அங்கேதான் இரண்டாம் வெட்டு விழுந்தது. நிதியிடமிருந்த பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதியவை கொடுக்கப்பட்டன. 2025 வரை 12 சதவீதம். அதன்பின் முதிர்வுவரை 9 சதவீதம். இது கட்டாயமன்று, விருப்பத்தின்பாற்பட்டது என்றனர். விரும்பாவிடின் என்னவாம்? முறிகளின் வருமானத்தின்மீது விதிக்கப்படும் 14 சதவீத வரி 30 சதவீதமாகும்! கழுத்திற் கத்தியை வைத்துவிட்டு, உன் விருப்பம் எதுவோ அதனைச் செய் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு காண எமக்கு அறிவு போதவில்லை. அந்த விருப்பத்தையாவது அங்கத்தவனிடம் கேட்டார்களா? இல்லை. அவன் சார்பில் விரும்பியது மத்திய வங்கி.

இங்கே ஒரு வேடிக்கையைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. அரசாங்கத்தின் சார்பிற் கடன்முறிகளை விற்றதும் அதே மத்திய வங்கி. தொழிலாளியின் சார்பில் அவற்றை வாங்கியதும் அதே மத்திய வங்கி. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரேயானால் சீதனப் பேச்சு எப்படி முடியும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் முறி ஊழலை ஆராய்ந்த சனாதிபதி ஆணைக்குழுவின் முன் இந்நிதியின் பெயர் அடிபட்ட காரணமும் இந்தக் குழப்பமே. 2024ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் கடன் திரட்டும் வேலையைத் தனி அலுவலகத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்யப்பட்டது, அதனை வரவேற்கிறோம். ஆனால் நிதியைப் பரிபாலிக்கும் பொறுப்பு மத்திய வங்கியின் கையிலேயே இருந்து வருகிறது. தொழிலாளிக்கு 9 சதவீதம் போதுமென்று விரும்பிய அவ்வங்கி, 2024 தொடக்கத்தில் தன் சொந்த ஊழியரின் சம்பளத்தைப் பெருமளவில் உயர்த்திக் கொண்டபோது நாடே கொதித்தது. கொதிப்பு அடங்கிய பின்னரும் எமக்குச் சற்று மிச்சமுண்டு.

விலைவாசி பின்னர் தணிந்துவிட்டது, 2024 செப்டெம்பரிலிருந்து சில மாதங்கள் விலைச் சுட்டெண் இறங்கவும் செய்தது, ஆகவே 9 சதவீதம் நல்ல வட்டியே என்று வாதிடுவோர் உளர். நிதி 2023க்கு 13 சதவீதம் வழங்கியதையும் எடுத்துக் காட்டுவர். உண்மை, மறுக்கவில்லை. ஆயினும் விலையேற்றம் நின்றது என்பதன் பொருள், ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது என்பதாகும். வெள்ளம் வடிந்ததும் வீடு தானே எழுந்து நிற்பதில்லை.

இந்நிதியால் மிக நலிவுற்றோர் மலைநாட்டுத் தமிழர் என்பதை எத்துணைப் பேர் உணர்ந்தனரோ அறியோம். நாட்சம்பளம் 1000 ரூபா என்பதற்காக 2021 வரை போராடியவர்கள் அவர்கள். 2024இலேதான் அது 1350 ரூபாவாயிற்று. இச்சம்பளத்தின் நூற்றில் எட்டைப் பிடித்து வைத்தே அவர்களது முதுமைக்கான முழுச் செல்வமும் சேர்கிறது. அதைக்கூட ஒழுங்காகச் செலுத்தாமல், அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்தமை பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது. 1948இல் அவர்களது குடியுரிமையைப் பறித்தது ஓர் அரசாங்கம். பிரசையல்ல என்று கூறியபோதும் அவர்கள் பறித்த கொழுந்தின் டொலர் பிரசையாகவே இருந்தது. பிறகு அவர்கள் சேர்த்த பணமும் பிரசையாயிற்று. கடனைச் சுமக்கும் பிரசை.

பழைய வரலாறொன்றை நினைவூட்டுவோம். 1953ஆம் ஆண்டு, அன்றைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன, திறைசேரி வற்றிவிட்டதெனக் கூறிப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால். மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க இரு மாதங்களுக்குள் பதவி துறந்தார். சட்டியில் இருக்கும் சோற்றைத் தொட்டால் மக்கள் உடனே அறிவர். எழுபது ஆண்டுகள் கழித்து, அதே ஜயவர்த்தனவின் உறவினராகிய ரணில் விக்கிரமசிங்க நிதிப் பொறுப்பை ஏற்றிருந்தபோது, இன்றைய சோற்றையன்றி நாளைய சோற்றைத் தொட்டார். நாளைய சோறு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் போர்க்கப்பல் தேவைப்படவில்லை.

பிற நாடுகளில் மக்கள் கேட்கப்பட்டனர். 2008இல் ஐஸ்லாந்தின் மூன்று பெரும் வங்கிகளும் சரிந்தன. அவற்றுள் ஒன்று வெளிநாட்டு வைப்பாளர்க்குப் பட்ட கடனைக் குடிமக்கள் தலையிற் கட்ட அரசாங்கம் முற்பட்டபோது, 2010 மார்ச்சில் நடந்த மக்கள் தீர்ப்பில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முடியாது என்றனர். 2011இல் மறுபடி கேட்டனர்; மறுபடியும் முடியாது என்றனர். 2013இல் அப்பிரதேசத்து நீதிமன்றமும் ஐஸ்லாந்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. அக்காலத்தில் மூன்றரை இலட்சம் பேரும் இல்லாதிருந்த நாடு அது. இங்கே 20 இலட்சம் கணக்காளரிடம் ஒரு தபாலட்டை கூட எழுதிக் கேட்கப்படவில்லை.

வெளிநாட்டு முறிகாரரோடு 2024 டிசெம்பரில் நிறைவேறிய உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். அவர்கள் மூலதனத்தில் ஒரு பகுதியை விட்டனர், மெய்யே. ஆனால் இந்நாட்டின் பொருளாதாரம் குறித்த அளவுக்கு மேல் வளருமாயின், விட்டதில் ஒரு பங்கு அவர்களுக்கு மீண்டும் கிடைக்கும்படி முறிகள் எழுதப்பட்டுள்ளன. நல்ல வக்கீல்களை அமர்த்தியோர்க்கு நல்ல பத்திரம் கிடைத்தது. அந்த வளர்ச்சியை உண்டாக்கப் போகிறவர் யார்? கொழுந்து பறிப்பவளும், சட்டை தைப்பவளும், வள்ளம் தள்ளுபவனுமே. நாடு வளர்ந்தால் நியூயோர்க்கில் இருப்பவருக்கு மேலதிகம் உண்டு; நோர்வூட்டில் இருப்பவருக்கு இல்லை. அவருக்கு 9 சதவீதம், 2038 வரை.

2023 யூலை 1ஆந் திகதி இத்திட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களுள் தேசிய மக்கள் சக்தியினரும் இருந்தனர். அவர்தம் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் சனாதிபதியானார். அன்று எதிர்க்கட்சி வரிசையில் அவர்கட்குத் தெரிந்த அநீதி, ஆளும் வரிசையில் இருந்து பார்த்தால் மறைந்துவிடுமா? நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டைக் கிழித்தெறியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எளிது, செய்தால் வருவது மீண்டும் மண்ணெண்ணெய் வரிசை. நாம் கேட்பது இவ்வளவே. வெளிநாட்டு முறிகாரருக்கு எழுதிக் கொடுத்த அதே வளர்ச்சிப் பங்கைச் சேமலாப நிதிக்கும் எழுதிக் கொடுங்கள். நிதியைப் பரிபாலிக்கும் சபையில் அங்கத்தவர் தாமே தெரிவுசெய்யும் பிரதிநிதிகளை, தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி உட்பட, அமர்த்துங்கள். அவர்களது சம்மதமின்றி இனியொரு முறியும் மாற்றப்படாதென்று சட்டம் செய்யுங்கள். நிதிக்கு நிலுவை வைத்துள்ள அரச தோட்டங்களின் கணக்கை, தோட்டத்தின் பெயரும் தொகையுமாக, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள்.

இவற்றுள் முதலாவதற்கு நாணய நிதியத்தின் கணக்கர் தடை சொல்லக்கூடும். ஏனைய மூன்றுக்கும் வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை. கொழும்பிலே ஒரு மசோதா போதும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தை நிதி மந்திரியின் பொறுப்பிலும் இருக்கும் சனாதிபதி பாராளுமன்றத்தில் வாசிக்கும்போது, மலைநாட்டிலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் சென்ற எமது பிரதிநிதிகள் எழுந்து இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டார்களா, கிடைத்த விடை என்ன என்பதை அதனையடுத்த இதழில் பெயர் குறித்து வெளியிடுவோம்.